லினக்ஸ் கற்க எந்தப் புத்தகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் இயங்குதளத்தைக் கற்க விரும்பும் மாணவர்களும் பணியில் இருப்பவர்களும் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்பதுதான். இதற்கு ஒரே பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. கேட்பவர் அந்தக் கணினியில் என்ன செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த ஐயங்களையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் விடைகளையும் இங்கே தொகுத்துள்ளேன். பிந்தைய விடைகள் முந்தையவற்றைத் தொட்டுச் செல்வதால், மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது.

லினக்ஸ் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது. முதல் புத்தகமாக எதைப் படிக்கலாம்?

வில்லியம் ஷாட்ஸ் எழுதிய 'தி லினக்ஸ் கமாண்ட் லைன்' நூலைத்தான் பெரும்பாலானோருக்குப் பரிந்துரைக்கிறேன். ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் இருந்தாலும் அதன் அளவைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கோப்பகங்களுக்குள் நகர்வது, கோப்புகளைப் பார்ப்பது, நகலெடுப்பது, ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொரு கட்டளைக்கு அனுப்புவது, அனுமதிகள், செயல்முறைகள் (அதாவது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள்) என முதல் பகுதி சிறு சிறு அத்தியாயங்களாகச் செல்கிறது. அந்த முதல் பகுதியை மட்டும் விசைப்பலகையில் தட்டிப் பார்த்தபடியே முடித்தால், அன்றாட வேலைகளுக்கான அடித்தளம் கிடைத்துவிடும். இறுதிப் பகுதி, நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கு நிரல் எழுதுவதைப் பற்றியது. அதைச் சில மாதங்கள் கழித்துத் தொட்டாலும் இழப்பில்லை.

இதன் இரண்டாம் பதிப்பு 2019இல் நோ ஸ்டார்ச் பதிப்பகத்தின் வழியாக அச்சில் வந்தது. பிடிஎஃப் வடிவத்தை நூலாசிரியரே தம் தளத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் இலவசமாக வழங்குகிறார். ஆகவே முதலில் பிடிஎஃபில் இரண்டு அத்தியாயங்களைப் படித்துப் பார்த்து, எழுத்து நடை உங்களுக்கு ஒத்துவந்தால் அச்சுப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளலாம்.

கல்லூரியில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஆனாலும் லினக்ஸ் கணினி முன் உட்கார்ந்தால் ஒன்றும் புரியவில்லையே, ஏன்?

நீங்கள் படித்தது இயங்குதளக் கோட்பாடு. இப்போது உங்களுக்குத் தேவைப்படுவது ஓர் இயங்குதளத்தின் பயன்பாடு. இரண்டும் வெவ்வேறு வகைப் புத்தகங்கள். அட்டையில் டைனோசர் படத்துடன் வரும் சில்பர்ஷாட்ஸ், கால்வின், கேக்னே ஆகியோரின் 'ஆப்பரேட்டிங் சிஸ்டம் கான்செப்ட்ஸ்' போன்ற பாடநூல், செயல்முறைகளுக்கு நேரம் ஒதுக்குவது, முட்டுக்கட்டை நிலை, நினைவகப் பக்கமாக்கம் ஆகியவற்றை விளக்குவதற்காக எழுதப்பட்டது. புதிய பயனரைச் சேர்ப்பது எப்படி என்று அதில் தேடுவது அந்த நூலுக்கும் நியாயமன்று, உங்களுக்கும் பயனில்லை.

ஆனால் கோட்பாடு வீணாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். லினக்ஸில் 'டாப்' கட்டளையை இயக்கி, ஒவ்வொரு செயல்முறைக்கும் எதிரே வரும் நிலைக் குறியீட்டைப் பாருங்கள். ஓடிக்கொண்டிருப்பது, உறங்கிக்கொண்டிருப்பது, முடிந்தும், அதைத் தொடங்கிய பெற்றோர் செயல்முறை அதன் முடிவு நிலையைப் பெற்றுக்கொள்ளாததால் ஸோம்பியாக நிற்பது என, பாடநூலில் வரைபடமாக இருந்தவை அங்கே உயிரோடு தெரியும். கோட்பாட்டை மீண்டும் ஒருமுறை நன்றாகப் படிக்க விரும்பினால், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ரெம்ஸி, ஆண்ட்ரியா அர்பாசி-டூசோ எழுதிய 'ஆப்பரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்' நூலின் அத்தியாயங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உரையாடல்களும் செய்துபார்க்கும் பயிற்சிகளும் நிறைந்த அந்த நூலை, தேர்வு முடிந்தவர்கள்கூட விரும்பிப் படிப்பார்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் நல்ல புத்தகம் இருக்கிறதா?

இருக்கிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் ஜிஎன்யு/லினக்ஸ்' இரண்டு பாகங்களாக, ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் இலவச மின்னூலாகக் கிடைக்கிறது. தமிழ்நாடு அரசின் 11ஆம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலிலும் விண்டோஸுடன், லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டுவுக்கும் அறிமுகம் உண்டு. அது திரையையும் சாளரங்களையும் பழகும் அளவுக்கு உதவும். கேட்டுக் கற்பவர்களுக்கு, மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பாடங்கள் தமிழ்க் குரலில் உள்ளன.

தமிழில் தொடங்குவதை நான் முழு மனத்தோடு ஊக்குவிக்கிறேன். ஏனெனில் கருத்து தாய்மொழியில் பிடிபட்டுவிட்டால் பிறகு எந்த மொழியிலும் அதை அடையாளம் கண்டுகொள்ளலாம். ஆயினும் திரையில் வரும் பிழைச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும் என்பதால், ஒரு பழக்கத்தை மட்டும் மேற்கொள்ளுங்கள். தமிழ் நூலில் ஒரு பகுதியை முடித்தவுடன், அதே பொருளைப் பற்றி மேலே சொன்ன ஷாட்ஸின் நூலில் உள்ள அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள். உள்ளடக்கம் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ஆங்கிலம் சுமையாக இராது.

என்னிடம் விண்டோஸ் மடிக்கணினி மட்டும்தான் உள்ளது. புத்தகம் வாங்குவதற்கு முன் வேறு கணினி வாங்க வேண்டுமா?

தேவையில்லை. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் வசதி, கட்டளைகளைப் பழகுவதற்குப் போதுமானது. ஆனால் கணினி துவங்கும் முறை, வட்டுப் பிரிவுகள், கோப்பு முறைமைகளை ஏற்றுதல் ஆகிய அத்தியாயங்களுக்கு வரும்போது, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளில் ஒரு முழு மெய்நிகர் கணினியை நிறுவிக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சியைத் தொடங்குமுன் அதன் நிலையை ஸ்னாப்ஷாட்டாகச் சேமித்துவிட்டால், எதைக் கெடுத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். கெடுத்துப் பார்க்கத் துணியாதவர்களுக்கு எந்தப் புத்தகமும் பாதிதான் பயன்படும்.

கடையிலோ நூலகத்திலோ ஒரு லினக்ஸ் புத்தகத்தைக் கையில் எடுத்தால், அது நல்ல புத்தகமா என்று சில நிமிடங்களில் எப்படித் தெரிந்துகொள்வது?

நான் நேராகக் கோப்பு அனுமதிகள் பற்றிய அத்தியாயத்தைத் திறப்பேன். படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று அனுமதிகள் ஒரு கோப்புக்கு என்ன பொருள் தருகின்றன என்பதை எல்லாப் புத்தகங்களும் சொல்லும். அதே மூன்றும் ஒரு கோப்பகத்துக்கு என்ன பொருள் தருகின்றன என்று அந்தப் புத்தகம் நிறுத்தி விளக்குகிறதா என்பதுதான் என் சோதனை. கோப்பகத்தில் படித்தல் என்பது உள்ளே இருக்கும் பெயர்களைப் பார்க்கும் உரிமை. எழுதுதல் என்பது பெயர்களைச் சேர்க்கவும் மாற்றவும் நீக்கவும் உள்ள உரிமை. இயக்குதல் என்பது அதன் வழியே உள்ளே செல்லும் உரிமை. இயக்கும் அனுமதியை மட்டும் நீக்கிவிட்டு, விரிவான பட்டியல் தரும் தெரிவோடு (கட்டளையுடன் சேர்த்துத் தட்டும் குறியோடு) 'எல்எஸ்' கட்டளையை இயக்கினால், கோப்புகளின் பெயர்கள் தெரியும். ஆனால் அளவும் தேதியும் இருக்க வேண்டிய இடங்களில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். இதைப் பார்த்தவருக்கு விளக்கமே தேவையில்லை.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது; பலர் அதை நம்பவே மறுப்பார்கள். ஒரு கோப்பை நீக்கும் உரிமை அந்தக் கோப்பின் அனுமதியில் இல்லை, அது இருக்கும் கோப்பகத்தின் அனுமதியில் இருக்கிறது. எழுதும் அனுமதி அகற்றப்பட்ட கோப்பை 'ஆர்எம்' கட்டளையால் நீக்க முயன்றால், எழுதத் தடை உள்ளது என்று ஒருமுறை கேட்டுவிட்டு, ஆம் என்றால் நீக்கிவிடும். மாறாக, கோப்புக்கு எல்லா அனுமதிகளையும் கொடுத்துக் கோப்பகத்தின் எழுதும் அனுமதியை அகற்றினால், சாதாரணப் பயனரால் அதை நீக்க முடியாது. எல்லோரும் எழுதக்கூடிய தற்காலிகக் கோப்பகத்தில் ஒருவர் கோப்பை மற்றவர் நீக்காதபடி 'ஸ்டிக்கி பிட்' ஏன் வைக்கப்பட்டுள்ளது என்பதும் இதனோடு சேர்ந்து விளங்கிவிடும். இவ்வளவையும் காரணத்தோடு சொல்லும் நூலாசிரியர், மற்ற அத்தியாயங்களிலும் காரணத்தைச் சொல்பவராகவே இருப்பார். 777 என்று, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதிகளையும், கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று எழுதியிருக்கும் புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம்.

மற்ற அறிகுறிகள் சிறியவை. நிறுவுதலின் ஒவ்வொரு திரைக்கும் படம் போட்டுப் பல பக்கங்களை நிரப்பிய புத்தகம் விரைவில் பழசாகும். கட்டளைகளின் தெரிவுகளை அகரவரிசையில் அடுக்கியிருப்பது, கணினியிலேயே உள்ள கையேட்டின் நகல்தான்.

2010க்கு முன் வந்த புத்தகம் பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

புத்தகம் எதைப் பற்றியது என்பதைப் பொறுத்தது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் மரபிலிருந்து வந்த கோப்பு, குழாய் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் முறை), அனுமதி, செயல்முறை ஆகியவை பெரிதாக மாறவில்லை. கெர்னிகனும் பைக்கும் 1984இல் எழுதிய 'தி யூனிக்ஸ் புரோகிராமிங் என்விரான்மென்ட்' நூலில் சிறு கட்டளைகளை இணைத்துப் பெரிய வேலையைச் செய்யும் முறை விளக்கப்பட்டிருக்கும் அழகை இன்றைய நூல்களில் காண்பது அரிது.

மாறியவை கணினி நிர்வாகப் பகுதிகள். 2010இல் அறிமுகமான சிஸ்டம்டி (பின்னணியில் இயங்கும் சேவைகளை நிர்வகிக்கும் மென்பொருள்), 2014இல் ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7இலும் 2015இல் டெபியன் 8, உபுண்டு 15.04 ஆகிய லினக்ஸ் வகைகளிலும் இயல்பிருப்பாக இடம்பெற்றபின், சேவைகளைத் தொடங்கும், நிறுத்தும் முறையே வேறாகிவிட்டது. வலையமைப்புக்கு 'ஐஎஃப்கான்ஃபிக்' இருந்த இடத்தில் 'ஐபி' வந்துவிட்டது. ரெட் ஹேட் குடும்பத்தில் மென்பொருள் நிறுவ 'யம்' இருந்த இடத்தில் 'டிஎன்எஃப்' வந்துவிட்டது. எனவே நிர்வாக நூல் என்றால் பின்பக்கச் சொல்லடைவைத் திறந்து, சிஸ்டம்டியை இயக்கும் கட்டளையான 'சிஸ்டம்சிடிஎல்' என்ற சொல்லைத் தேடுங்கள். அது இல்லையென்றால், எவ்வளவு மலிவானாலும் முதல் புத்தகமாக வாங்க வேண்டாம்.

உபுண்டுவுக்குத் தனிப் புத்தகம், ரெட் ஹேட்டுக்குத் தனிப் புத்தகம் என்று வாங்க வேண்டுமா?

தொடக்கத்தில் வேண்டாம். மென்பொருள் நிறுவும் கட்டளை, சில அமைப்புக் கோப்புகளின் இடம், வெளியீட்டுக் கால அட்டவணை ஆகியவற்றில்தான் இவை பெரிதும் வேறுபடுகின்றன. ஷெல்லும் கோப்பு முறைமையும் செயல்முறைகளும் எல்லாவற்றிலும் ஒன்றே.

டெபியனையோ அதன் வழிவந்த உபுண்டுவையோ ஆழமாகக் கற்க விரும்புவோருக்கு, ரஃபாயெல் ஹெர்ட்சோக், ரோலாண்ட் மாஸ் எழுதிய 'தி டெபியன் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் ஹேண்ட்புக்' இணையத்தில் இலவசமாகவே உள்ளது. ரெட் ஹேட் வழிவந்த இலவச லினக்ஸான சென்ட்ஓஎஸ் பெயரில் வந்த புத்தகங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8இன் ஆதரவு 2021 இறுதியிலும், 7இன் ஆதரவு 2024 ஜூன் மாதத்திலும் நிறைவடைந்தன. அந்தப் புத்தகம் ஏற்கெனவே கையில் இருந்தால், அதற்கு மாற்றான ராக்கி லினக்ஸிலோ அல்மாலினக்ஸிலோ பயிற்சி செய்யலாம். புதிதாக வாங்க வேண்டாம்.

இலவசமாகக் கிடைக்கும் புத்தகங்கள் தரம் குறைந்தவையா? டெலிகிராம் குழுவில் விலையுள்ள புத்தகங்களும் பிடிஎஃபாகக் கிடைக்கின்றனவே?

இவை இரண்டு வெவ்வேறு கேள்விகள். மேலே நான் குறிப்பிட்ட இலவச நூல்களை அவற்றின் ஆசிரியர்களே விரும்பி இலவசமாக்கினார்கள். தரத்தில் அவை எதற்கும் குறைந்தவை அல்ல. திருட்டுப் பிரதி அப்படியல்ல. பல ஆண்டு உழைப்பில் எழுதப்பட்ட தொழில்நுட்ப நூலுக்கு வாங்குவோர் குறைவு. அந்தச் சிறு வருவாயும் நின்றால் அடுத்த பதிப்பு வராது. அத்தகைய குழுக்களில் சுற்றிவருபவற்றில் பழைய பதிப்புகளே மிகுதி என்பதால், சற்று முன் சொன்ன பழமைச் சிக்கலும் கூடவே வந்து சேரும்.

வாங்க இயலாதவர்கள் முதலில் கல்லூரி நூலகத்தையும், சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், கன்னிமாரா நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் போன்றவற்றையும் நாடலாம். இந்தியப் பதிப்பாக மலிவு விலையில் அச்சிடப்படும் நூல்களும் உண்டு; வாங்குமுன் பதிப்பு எண்ணை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கணினியிலேயே 'மேன்' எனப்படும் கையேட்டுப் பக்கங்கள் இருக்கும்போது புத்தகம் எதற்கு?

மேன் பக்கம் என்பது, என்ன தேடுகிறோம் என்று தெரிந்தவருக்கான அகராதி. ஒரு கட்டளை இருப்பதே தெரியாதவர் அதன் பக்கத்தை எப்படித் திறப்பார்? ஆனாலும் புத்தகத்தோடு சேர்த்து அதைப் படிக்கும் பழக்கம் மிக அவசியம். அந்தப் பக்கங்கள் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன: பாஸ்வேர்டு என்பதன் சுருக்கமான 'பாஸ்டபிள்யூடி' என்ற சொல்லை 'மேன்' கட்டளையோடு தட்டினால், கடவுச்சொல்லை மாற்றும் கட்டளையைப் பற்றிய முதல் பிரிவு வரும்; இடையில் 5 என்ற எண்ணைச் சேர்த்தால், அதே பெயரில் உள்ள பயனர் பட்டியல் கோப்பின் அமைப்பைச் சொல்லும் ஐந்தாம் பிரிவு வரும். இந்த எண்களின் பொருளைத் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் புத்தகம், உங்களைத் தன்னிடமிருந்து விடுவிக்கவும் எண்ணுகிறது என்று பொருள்.

நான் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அடிப்படைக் கட்டளைகள் தெரியும். அடுத்து எது?

பிரையன் வார்டின் 'ஹவ் லினக்ஸ் வொர்க்ஸ்', 2021இல் வந்த மூன்றாம் பதிப்பு. கணினியை இயக்கியது முதல் உள்நுழையும் திரை வரை என்ன நடக்கிறது, சாதனங்கள் எப்படிக் கோப்புகளாகத் தோன்றுகின்றன, வலையமைப்பு எந்த அடுக்குகளால் ஆனது என்பதையெல்லாம் அது உள்ளிருந்து காட்டுகிறது. கட்டளைகளை மனப்பாடமாக வைத்திருந்து, ஏன் என்று தெரியாமல் தவிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான நூலை நான் அறியேன்.

அதன்பின் மேசையிலேயே வைத்திருக்க வேண்டியது 'யூனிக்ஸ் அண்ட் லினக்ஸ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன் ஹேண்ட்புக்'. இதன் முதன்மை ஆசிரியர் ஈவி நெமத், 2013இல் டாஸ்மன் கடலில் பாய்மரக் கப்பலோடு காணாமற்போனார். 2017இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பிலும் அவர் பெயரே முதலில் நிற்கிறது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்க முயல வேண்டாம். டிஎன்எஸ் (இணையப் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் அமைப்பு) சிக்கல் வந்த வாரத்தில் டிஎன்எஸ் அத்தியாயத்தை முழுமையாகப் படியுங்கள். காப்புப்பிரதி எடுக்கும் பொறுப்பு வந்தால் அதற்குரிய பக்கங்களைப் படியுங்கள். கையில் உள்ள வேலையோடு சேர்த்துப் படித்த அத்தியாயம் மறக்காது.

சான்றிதழ்த் தேர்வுக்கான புத்தகத்திலேயே லினக்ஸைக் கற்றுக்கொள்ள முடியாதா?

முடியும், ஆனால் தேர்வைப் பொறுத்தது. ரெட் ஹேட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வு முழுவதும் செய்முறை. உண்மையான கணினியில் வேலையை முடித்துக் காட்ட வேண்டும் என்பதால் அதற்கான நல்ல நூல் பயிற்சி நூலாகவும் அமைந்துவிடுகிறது. லினக்ஸ் சான்றிதழ்கள் வழங்கும் எல்பிஐ அமைப்பு தன் தொடக்கநிலைத் தேர்வுகளுக்கான பாடங்களைத் தானே இலவசமாக வெளியிட்டுள்ளது. வினா வங்கிகளை மட்டும் வாங்குவதைத் தவிருங்கள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் உடனே விடை வருகிறது. இனியும் புத்தகம் தேவையா?

தேவை. மேன் பக்கத்துக்குச் சொன்ன காரணமே இங்கும் பொருந்தும்: கேட்கத் தெரிந்ததற்கு மட்டுமே விடை வரும். ஐந்தாம் அத்தியாயம் புரிய நான்காம் அத்தியாயம் வேண்டும் என்ற வரிசையை ஒரு நல்ல ஆசிரியர் பல முறை யோசித்து அமைக்கிறார். புத்தகத்தில் புரியாத ஒரு பத்தியை விளக்கச் சொல்வதற்குச் செயலியைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் அது தரும் கட்டளையில் உள்ள ஒவ்வொரு தெரிவையும் மேன் பக்கத்தில் சரிபார்க்காமல், குறிப்பாக நிர்வாகி உரிமையோடு இயக்கும் 'சூடோ' என்று தொடங்கும் எதையும், அலுவலகச் சர்வரில் ஒட்டாதீர்கள்.

புத்தகத்தில் இருப்பதை அப்படியே தட்டினாலும் பிழை வருகிறது. தவறு என்னுடையதா, புத்தகத்துடையதா?

முதலில் வரியின் தொடக்கத்தைப் பாருங்கள். டாலர் குறியும் ஹாஷ் குறியும் பெரும்பாலான நூல்களில் தூண்டியை, அதாவது கட்டளைக்காகக் கணினி காத்திருப்பதைக் காட்டும் குறியை, குறிப்பவை. அவற்றைத் தட்டக் கூடாது. டாலர் என்றால் சாதாரணப் பயனர், ஹாஷ் என்றால் எல்லா உரிமைகளும் கொண்ட ரூட் பயனர். அடுத்து, பிடிஎஃபிலிருந்து நகலெடுத்து ஒட்டினீர்களா என்று யோசியுங்கள். அச்சுக்கோப்பில் நேரான மேற்கோள் குறிகள் வளைந்த குறிகளாகவும், தெரிவுக்கு முன் வரும் சிறு கோடு நீண்ட கோடாகவும் மாறியிருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் ஷெல்லுக்கு அவை வேறு எழுத்துகள். இந்த ஒரு காரணத்துக்காகவே கையால் தட்டச்சு செய்யச் சொல்கிறேன்.

அதுவும் சரியாக இருந்து, கட்டளையே காணப்படவில்லை என்று வந்தால், பழமை பற்றிய விடையில் சொன்னபடி அந்தக் கட்டளை இப்போது இயல்பாக நிறுவப்படுவதில்லை என்று பொருளாகலாம். எஞ்சியது புத்தகத்தின் தவறு. பதிப்பகத்தின் தளத்தில் பிழைதிருத்தப் பட்டியல் இருக்கும். அதில் இல்லையென்றால் எழுதி அனுப்புங்கள், அடுத்த அச்சில் திருத்துவார்கள்.

எனக்கு லினக்ஸ் கர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியின், உட்புறத்தையே கற்க ஆசை. ஆனால் எல்லாரும் சொல்லும் புத்தகங்கள் பழசாக இருக்கின்றனவே?

உண்மைதான். ராபர்ட் லவ் எழுதிய 'லினக்ஸ் கர்னல் டெவலப்மென்ட்' மூன்றாம் பதிப்பு 2010இல் வந்தது. இலவசமாகவும் கிடைக்கும் 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' மூன்றாம் பதிப்பு 2005ஆம் ஆண்டுக்குரியது. இரண்டும் 2.6 வரிசைக் கர்னலைப் பற்றியவை. லவ் தம் நூலில் விளக்கும் சிஎஃப்எஸ் என்ற நேர ஒதுக்கீட்டு முறையின் இடத்துக்கு, 2023இல் வந்த 6.6ஆம் கர்னலில் ஈஈவிடிஎஃப் முறை வந்துவிட்டது. நியாயமான பங்கீடு ஏன் தேவைப்பட்டது என்று அறிய லவ்வைப் படியுங்கள்; குறியீட்டு வரிகளை அதில் தேடாதீர்கள். புதிய கர்னலில் நிரல் எழுதிப் பார்க்க, கைவான் பில்லிமோரியாவின் 'லினக்ஸ் கர்னல் புரோகிராமிங்' இரண்டாம் பதிப்பு 6.1ஆம் கர்னலை அடிப்படையாகக் கொண்டு 2024இல் வந்துள்ளது.

இவற்றுக்கு முன் இரண்டு படிகள் உள்ளன. சி மொழி கைவந்திருக்க வேண்டும். கர்னலிடம் வெளியிலிருந்து எப்படிப் பேசுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பின்னதற்கு மைக்கேல் கெரிஸ்க்கின் 'தி லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்' இருக்கிறது. மேன் பக்கங்களை நெடுங்காலம் பராமரித்தவர் எழுதிய, ஆயிரத்து ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூல் அது. லினக்ஸ் கர்னலின் பரப்பு மலைக்கவைத்தால், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் கற்பித்தலுக்காக எழுதிய எக்ஸ்வி6 என்ற சிறு இயங்குதளத்தையும் அதற்கான இலவச நூலையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நிரல் முழுவதையும் ஒரு மாணவர் ஒரு பருவத்துக்குள் படித்துவிடலாம். பிறகு உங்கள் கணினியில் ஓடும் கர்னல் பதிப்பின் மூல நிரலை இறக்கி, அதனுடனேயே வரும் ஆவணக் கோப்பகத்தை லவ்வின் நூலுக்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்த அத்தியாயம் இன்னும் செல்லும், எது மாறிவிட்டது என்பது அப்போது உங்களுக்கே தெரியும்.